பாகவதரின் குரலுக்கு அவர் பிறந்த மண்ணில் ஓர் அறை

மதிப்பிற்குரிய மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், பொது நூலகத் துறையினருக்கும்,

வணக்கம்.

நான் வைத்தீஸ்வரன்கோயிலைச் சேர்ந்தவள். என் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் புளியமரத்தில் ஏறும். முதலில் போடுவது சீர்காழி கோவிந்தராஜன் குரலில் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’. தமிழ்நாட்டில் எந்த மைக் செட்காரரும் அப்படித்தான் தொடங்குவார். ஆனால் எல்லாம் முடிந்து, பந்தி இலை எடுத்து, ஒயரைச் சுருட்டப் போகிற நேரத்தில் அப்பா சத்தத்தைக் குறைத்து வைத்துக் கடைசியாக ஒரு பழைய இசைத்தட்டு போடுவார். அது எப்போதும் பாகவதர் தட்டுதான். தெருவில் ஆள் இருக்காது. ‘இது நமக்கும்மா’ என்பார்.

எம்.கே. தியாகராஜ பாகவதர் 1910 மார்ச் 1 அன்று மாயவரத்தில் பிறந்தவர். உங்கள் மாவட்டத்தின் தலைநகரில் பிறந்தவர். அவர் பெயரைச் சொன்னால் இன்று எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு விஷயம் வரும்: தங்கத் தட்டில் சாப்பிட்டாராம்; கொலைக் கேஸில் ஜெயிலுக்குப் போனாராம். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எப்படிப் பாடினார் என்று கேட்டால், ‘அந்தக் காலத்துப் பாட்டு’ என்று முடித்துக்கொள்கிறார்கள். ஒரு பாடகரை அவர் பாட்டைத் தவிர மற்றதையெல்லாம் வைத்து நினைவில் வைத்திருக்கிறோம். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பாகவதர் நடிகராக இருந்து பாட வந்தவர் இல்லை. பாடகராக இருந்து நடிக்கப் போனவர். பொற்கொல்லர் குடும்பத்துப் பிள்ளை. குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ரசிக ரஞ்சன சபாவில் எஃப்.ஜி. நடேச ஐயர் நடத்திய அரிச்சந்திர நாடகத்தில் அரிச்சந்திரன் மகன் லோகிதாசனாக மேடை ஏறினார். அப்போது சின்னப் பையன். மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவர் காதுவரை வெறும் தொண்டையாலேயே பாட்டு போய்ச் சேர வேண்டும். உச்சத்தில் கத்தலாக மாறாமல், குழைந்தும் போகாமல் நின்று பாடுகிற அந்தக் குரல் அங்கே பழகியதுதான். ஸ்பீக்கரோடு வளர்ந்த எனக்கு இது ரொம்ப நாள் புரியவில்லை. அப்பாதான் ஒருநாள் ஆம்பிளிஃபயரை அணைத்துவிட்டு, ஊசி தட்டில் உரசுகிற சத்தத்தோடு மட்டும் கேட்கச் சொன்னார். அவ்வளவு மெல்லிய ஒலியிலும் அந்தக் குரல் அறை முழுக்க நின்றது.

1934இல் ‘பவளக்கொடி’ நாடகம் படமாக வந்தபோது பாகவதருக்கு 24 வயது. இயக்கிய கே. சுப்ரமணியம் நம் பாபநாசத்துக்காரர். பின்னணி பாடும் வசதி வராத காலம். நடிப்பவரேதான் கேமரா ஓடும்போது பாட வேண்டும். ஆர்மோனியமும் தபேலாவும் படத்தில் தெரியாத இடத்தில் உட்கார்ந்து வாசிக்கும். ஆகையால் அந்தக் காலத்தில் பாடத் தெரிந்தவர்தான் கதாநாயகன். அதற்குப் பிறகு 1944 வரை அவர் ஏறிய உயரத்துக்குத் தமிழ் சினிமாவில் அதற்கு முன் யாரும் போனதில்லை. அந்த வருஷம் தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதில் கூட நடித்த டி.ஆர். ராஜகுமாரி தஞ்சாவூர். மனைவியாக வந்த என்.சி. வசந்தகோகிலம் நாகப்பட்டினத்தில் வளர்ந்தவர். பாட்டு எழுதிய பாபநாசம் சிவன் பிறந்த போலகமும் டெல்டாதான். ஒரே படத்துக்குள் எத்தனை காவிரிக்கரை என்று பாருங்கள்.

அடுத்த சில வாரங்களில் எல்லாம் போனது. 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையானார். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை. அன்றைக்கு மேல்முறையீட்டில் கடைசி மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு போய், மறு விசாரணைக்கு வந்து, 1947 ஏப்ரலில் விடுதலை. இதையெல்லாம் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொல்லித்தான் வெளியே வந்தார். நம் ஊர் வாய்களில் அந்தத் தீர்ப்பு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. பிறகு வந்த படங்கள் பழையபடி ஓடவில்லை. நீரிழிவும் பார்வைக் குறைவும் சேர்ந்தன. 1959 நவம்பர் 1 அன்று, 49 வயதில் போய்விட்டார். நடித்தது மொத்தம் 14 படம். கடைசிப் படம் அவர் இறந்த பிறகுதான் திரைக்கு வந்தது.

திருச்சியில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பிவிட்டார்கள். மனமார்ந்த சந்தோஷம். ஆனால் நான் உங்களிடம் மண்டபமோ சிலையோ கேட்க வரவில்லை. சிலை பாடாது. நான் கேட்பது ஓர் அறை. மாவட்டத்தில் உள்ள ஏதாவது ஒரு பொது நூலகத்தில், ஈரம் ஏறாத ஓர் அறை. அதில் அவருடைய இசைத்தட்டுகள், கேட்பதற்கு நாலு நாற்காலி, நாலு ஹெட்போன்.

அவருக்கு மட்டும் இல்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தை வைத்துவிட்டு 1940இல் காளமேகப் புலவராகத் திரையில் நடித்தார். சீர்காழியார் 1972இல் அகத்தியராகவே வந்து நின்றார். இசையிலிருந்து திரைக்குப் போன இந்த மூவருக்கும் ஊர் உங்கள் ஒரே மாவட்டம். மூன்று ஊரையும் ஒரு பகலில் பஸ்ஸில் சுற்றி வந்துவிடலாம்.

ஈரம் என்று சொன்னேனே, அதற்குக் காரணம் உண்டு. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டுப் பரண் ஓடு வழியே ஒழுகியது. அப்பாவின் மரப்பெட்டி ஊறிவிட்டது. அவர் தட்டுகளை எப்போதும் நிற்கவைத்தே அடுக்குவார்; படுக்கவைத்தால் வளைந்துவிடும் என்பார். நின்றபடியே நனைந்திருந்தன. லேபிள் காகிதம் உரிந்து எது எந்தப் பாட்டு என்றே தெரியவில்லை. பூஞ்சையைத் துடைத்துத் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டார்கள். நிமிடத்துக்கு 78 முறை சுற்றுகிற அந்தப் பழைய தட்டு அரக்கால் ஆனது. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும். பதினோரு தட்டு மழுங்கிப்போய் வந்தது. அப்பா இல்லாதது அன்றைக்கு ஒரு விதத்தில் நல்லது என்று நினைத்தேன்.

என் வீட்டில் நடந்தது இது. டெல்டாவில் இன்னும் எத்தனை பரண்களில் எத்தனை பெட்டி ஊறிக்கொண்டிருக்கிறதோ.

உரிமைச் சிக்கல் வருமே என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கக்கூடும். நான் விசாரித்துப் பார்த்தேன். ஒலிப்பதிவுக்கான காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாகவதர் உயிரோடிருந்தபோது வெளிவந்த தட்டுகளுக்கு அது முடிந்துவிட்டது. பாட்டு எழுதியவரின் உரிமை வேறு; பாபநாசம் சிவன் மறைந்தது 1973 என்பதால் அவருடைய வரிகளுக்கு 2033 வரை இருக்கிறது. ஆனாலும் லாப நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் அசல் பிரதி இருந்தால் அதைப் பாதுகாப்பதற்காக மின்னணு வடிவில் சேமிக்கலாம் என்று காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதாவது, தட்டு நூலகத்தின் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் அரசு முன்னால் நின்று கேட்க வேண்டும் என்கிறேன். தனி ஆளாக நான் போய்க் கேட்டால் பழைய பேப்பர்காரி என்று நினைப்பார்கள். ஆட்சியர் பெயரில் ஓர் அறிவிப்பு வந்தால், ‘எங்க தாத்தா பெட்டி ஒண்ணு இருக்கு சார்’ என்று கொண்டுவந்து தருவார்கள். தருபவர் பெயரைத் தட்டின் உறையில் எழுதிவையுங்கள், அது போதும் அவர்களுக்கு.

பெரிய செலவு இல்லை. 78 சுற்றில் ஓடுகிற ஒரு பிளேயர், அதற்கேற்ற ஊசி, ஒரு கணினி. பள்ளிப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக அழைத்து வரலாம். தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் அந்தப் பொறுமை இருக்கும்.

அடுத்த மார்ச் 1க்குள் திறக்க முடிந்தால் நல்லது. முதல் பெட்டியை நானே கொண்டுவருகிறேன். நல்ல நிலையில் 23 தட்டு இருக்கிறது. லேபிள் போனவற்றைக் காதால் கேட்டு, எது எது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று தட்டு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. யாராவது பெரியவர் வந்து கேட்டால் சொல்லிவிடுவார். அப்பாவின் பிளேயரும் ஓடுகிறது, பெல்ட் மட்டும் மாற்ற வேண்டும். துடைக்க வடிநீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். தயவுசெய்து ஸ்பிரிட் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
வைத்தீஸ்வரன்கோயில் மைக் செட்காரர் மகள்