நிறுத்தி வைத்த டிரெய்லரில் சாகும் பேட்டரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுற்றுலா டிரெய்லருக்கான பேட்டரிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, எதை வாங்கலாம் என்பதை விரிவாக அலசியது. வாங்கியதை எப்படிக் காப்பது என்பதற்கு இரண்டே வரிகள்தான். எனக்கு அது பெருங்குறையாகப் பட்டது.

என் முதல் பேட்டரி பதினான்கு மாதங்கள்கூடத் தாங்கவில்லை. கார் பேட்டரியே போதும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். இன்ஜினைக் கிளப்பச் சில நொடிகள் பெரும் மின்னோட்டம் தருவதற்கென்றே செய்யப்பட்ட மெல்லிய தகடுகள் அதில் இருக்கும். விளக்கும் தண்ணீர்ப் பம்பும் இரவெல்லாம் மெல்ல உறிஞ்சுவதற்கு அவை ஈடுகொடுக்கா. தடித்த தகடுகள் கொண்ட டீப் சைக்கிள் பேட்டரியைக் கேட்டு வாங்க வேண்டும். ஈய-அமில வகையானால் அதன் சார்ஜையும் பாதிக்குக் கீழே இறக்காமல் பயன்படுத்துவது நல்லது.

ஆனாலும் என் பேட்டரியின் கதையை முடித்தது, டிரெய்லர் சும்மா நின்ற நான்கு மாதங்கள். எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டதாக நிம்மதியாக இருந்தேன். எரிவாயுக் கசிவு எச்சரிப்பானும் ரேடியோவும் சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. சார்ஜ் இறங்கிய நிலையில் நெடுநாள் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். பிறகு எந்த சார்ஜராலும் அதை முழுமையாக மீட்க முடியாது. நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு அவ்வப்போது சார்ஜ் ஏற்றியிருந்தால் தப்பியிருக்கும்.

இப்போது மாதம் ஒருமுறை மல்டிமீட்டரால் பேட்டரியின் வோல்ட் அளவைப் பார்க்கிறேன். சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் அளந்தால் எண் ஏமாற்றும். சில மணி நேரம் விட்டுவிட வேண்டும். ஏறத்தாழ 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான் மிச்சம். நான் 12.4-க்குக் கீழே போகவிடுவதில்லை. தண்ணீர் ஊற்றும் வகைக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே, அதுவும் சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான். முன்பே நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும். தூசிக்குப் பயந்து பெட்டியின் காற்றுத் துளையைத் துணியால் அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற பேட்டரி வகையைக் கட்டுரையாளர் புகழ்ந்தது நியாயம்தான். எடை குறைவு, சார்ஜை ஆழமாகவும் இறக்கலாம். ஆனால் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றினால் செல்கள் கெட்டுவிடும் என்பதை அவர் விட்டிருக்கக் கூடாது. குளிர்ப் பிரதேசம் போகிறவர்களுக்கு அதுதானே முதலில் தெரிய வேண்டும்!

அடுத்த இதழில் வோல்ட் அளவுகளை ஒரு சிறு அட்டவணையாக வெளியிட வேண்டுகிறேன். பேட்டரிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைக்கும் அளவில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்