தம்பிக்கு, வயிற்றைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மெத்தை வீட்டு வழக்கு ஒருவழியாக முடிந்தது, அத்தை சொல்லியிருப்பாள். கொல்லை நார்த்தை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

பொங்கலுக்கு நீ வந்தபோது சார்ஜர் எடுக்கப்போய் உன் பையில் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். பத்தில் இரண்டுதான் மிச்சம். அன்று ராத்திரி விளக்குகூடப் போடாமல் அடுப்படியில் நின்று, ஃபிரிட்ஜ் பாலை அப்படியே குடித்தாய். அம்மாவும் அந்த நாளில் அதே இடத்தில் நின்றுதான் குடிப்பாள். உன் வீட்டு விஷயம் எதுவும் கேட்க மாட்டேன், சொல்லும்போது சொல். வயிற்றை மட்டும் கேட்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ஆஸ்பத்திரியில் ராபின் வாரன் என்று ஒரு டாக்டர். 1979-இல் வயிற்றுச் சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர், வளைந்து வளைந்து கிருமிகள் இருப்பதைக் கண்டார். வயிற்று அமிலத்தில் கிருமி பிழைக்காது என்பதுதான் அன்றைய பாடம். பாரி மார்ஷல் என்ற இளைஞர் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்க்கப் பார்த்தார்கள், வளரவேயில்லை. கிருமி வளர்க்கும் தட்டை இரண்டு நாளில் தூக்கிப் போட்டுவிடுவது வழக்கம். 1982-இல் ஈஸ்டர் விடுமுறையில் தட்டு ஐந்து நாள் கிடந்துவிட்டது, திறந்தால் வளர்ந்திருக்கிறது. அப்புறமும் பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்தார், மனைவியிடம்கூடச் சொல்லாமல். சில நாளில் வாந்தி. ட்யூப் விட்டுப் பார்த்தால் வயிறு அழன்று கிடக்கிறது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. வயிற்றுப்புண் பெரும்பாலும் கவலையால் வருவதில்லை, காரத்தால் வருவதில்லை. அந்தக் கிருமியால் வருகிறது, இல்லையென்றால் வலி மாத்திரையால்.

அந்தச் செய்தியை அன்றே பேப்பரில் படித்தேன் தம்பி. படித்துவிட்டு மடித்துப் பீரோவில் வைத்தேன். “எதையாவது மனசில் போட்டுக் குமைகிறாய், அதான் வயிறு எரிகிறது” என்று சொந்தக்காரர்கள் முன்னால் உங்கள் அம்மாவை எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஒன்பது வருஷம் காரமில்லாமல் மோர்ச்சாதம் தின்றாள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால் நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். அதற்காகவே இன்னும் இரண்டு வருஷம் இழுத்தடித்தேன். கடைசியில் பதினான்கு நாள் மாத்திரை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் ராத்திரியில் எழுந்ததில்லை. பேப்பர் இன்னும் பீரோவில் இருக்கிறது. அவளுக்கு இதுவரை காட்டவில்லை.

நான் அவளைத் திட்டும்போதெல்லாம் நீ திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். வலி என்றால் வெளியே சொல்லக்கூடாது என்று அங்கேதான் கற்றுக்கொண்டாயோ என்று நினைக்கிறேன்.

நம் தெருவில் உன் அளவுக்குப் படித்தவன் இல்லை. நாலு பேர் உன்னைக் கேட்கும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் பதில் சொல்கிறேன். ஆனால் பன்னிரண்டு நாளாக ஒரு போன் இல்லை. அம்மா போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

நல்ல டாக்டரிடம் போ. ட்யூப்தான் விடவேண்டும் என்றில்லை, மூச்சை ஊதச் சொல்லியே கண்டுபிடிக்கிறார்கள். நீ போடும் மாத்திரையை முதலிலேயே சொல்லிவிடு, அமிலத்தைக் குறைக்கிற சில மாத்திரை போட்டிருந்தால் கிருமி சோதனையில் தெரியாமல் போய்விடலாம். நேரத்துக்குச் சாப்பிடு. அத்தை பையன் அந்தப் பக்கம் வருகிறான், உப்பு நார்த்தங்காய் கொடுத்தனுப்புகிறோம்.

சோதனை முடிவு வந்ததும் அம்மாவிடம் சொல். அவள் எனக்குச் சொல்லட்டும்.

அப்பா