வன்னிக்கு மேய்ப்பர் இருந்தார்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துக்கள். கடந்த மாத இதழில் வன்னி ஊழியத்தைப் பற்றி வந்த கட்டுரையை என் பேத்தி விறாந்தையில் இருந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். "2009 வரை மேய்ப்பரில்லாத மந்தையாய்க் கிடந்த வன்னி" என்ற இடத்தில் நிறுத்தி, "அப்ப எங்கட போதகர் ஐயா ஆர், அம்மம்மா?" என்று கேட்டாள். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

1977 இல் தமிழருக்கு எதிரான கலவரத்தில் மலையகத்துத் தோட்ட லயத்தை விட்டு ஓடிவந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வன்னியில், தர்மபுரத்தில் காடு வெட்டிக் கொட்டில் போட்டோம். எங்களைத் தோட்டக்காட்டார் என்று சொல்லிக் கிணற்று வாளியைத் தொடவிடாதவர்கள் ஊரிலும் இருந்தார்கள், சபையிலும் இருந்தார்கள். அந்த நாளில் சைக்கிளில் வந்து எங்களைத் தேடிப் பிடித்தவர்தான் எங்கள் போதகர். மாமரத்தடியில் ஆராதனை. சபைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் 1978 என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் என் தம்பியின் ஞானஸ்நானம் இருக்கிறது. கட்டுரை எழுதியவர் வந்து கேட்டிருந்தால் காட்டியிருப்பேன்.

ஞாயிறுக்கு ஞாயிறு வேதத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து அதிகாரம் அதிகாரமாகப் பிரசங்கிப்பார். ரோமர் நிருபம் முடிய இரண்டு வருடத்துக்கு மேல் போனது. அப்பமும் திராட்சைரசமும் பகிரும் கர்த்தருடைய பந்திக்கு முந்திய வாரம் மூப்பர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக வருவார். யாரோடு கோபம், யாருக்குக் கடன், வீட்டில் அடி உண்டா என்று கேட்பார். பந்தியன்று ஒரே பாத்திரம். என் அம்மா குடித்த பிறகுதான் கிணற்றுக்கு விடாத அந்த வீட்டுக்காரரின் கைக்கு அது போகும். அவர் வாங்கினார். பிறகு வாளியும் தந்தார்.

2009 ஜனவரியில், கடைசிப் போர் நெருங்க, தர்மபுரத்தை விட்டு எழும்பினோம். விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை என்று நகர்ந்து மாத்தளன் கடற்கரை மணலுக்கு வந்து சேர்ந்தோம். போதகருக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. மார்ச் மாதம் பந்தி நடத்தலாமா என்று மூப்பர்களைக் கேட்டார். அவர் பையில் கொஞ்சம் திராட்சைரசம் இருந்தது, ஆளுக்கு ஒரு துளி வரும். மாவுக்கும் வழி கிடைத்தது. ஆனால் எங்கள் சபையில் இரண்டு குடும்பம் கதை பேச்சில்லாமல் இருந்தது. ஒரு வீட்டார் கஞ்சி வரிசையில் நின்ற நேரம் மற்ற வீட்டார் அவர்களுடைய பங்கரிலிருந்து, பதுங்குகுழியிலிருந்து, மண்மூட்டை நாலைத் தூக்கிவிட்டார்கள். சேலையைக் கிழித்துத் தைத்த மூட்டைகள், அதில் ஒன்று அந்தத் தாயின் கூறைச்சேலை. செல் விழுகிற நேரத்தில் இதுவெல்லாம் ஒரு வழக்கா என்று நாங்கள் சொன்னோம். போதகர் கேட்கவில்லை. இரண்டு பங்கருக்கும் ஊர்ந்து ஊர்ந்து போய் வந்தார். மூன்றாம் நாள் பின்னேரம் எடுத்தவர் தானே அந்த மூட்டைகளைச் சுமந்துகொண்டுவந்து வைத்தார். அதன் பிறகுதான் எங்களுக்கு அப்பமும் ரசமும் தந்தார்.

இவரைத்தான், ஐயா, உங்கள் கட்டுரை இல்லை என்கிறது.

அவர் 2016 இல் காலமானபோது நினைவுக் குறிப்பு ஒன்று எழுதி உங்களுக்கு அனுப்பினேன். இடமில்லை என்று மரியாதையாகத்தான் பதில் வந்தது. அந்த இதழின் நடுப்பக்கம் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பிரசங்கியாரின் நிறப்படங்கள் இருந்தன. நான் அப்போது ஒன்றும் எழுதவில்லை. இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

மீள்குடியேறிய பிறகு நடந்த சுவிசேஷக் கூட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள்" என்று நீங்கள் தொகை போடுகிறீர்கள். என் ஞாயிறு பாடசாலைப் பையன் ஒருவன் மூன்று கூட்டத்திலும் இயேசுவை ஏற்கிறேன் என்று கை உயர்த்தினான். மூன்று கூட்டத்திலும் கொப்பி கொடுத்தார்கள். பிள்ளையில் குற்றமில்லை, அவனிடம் எழுதக் கொப்பி இருக்கவில்லை. ஆனால் அவனை மூன்று ஆத்துமாவாக எண்ணியவர்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டும். சரித்திரம் நீங்கள் அறியாததல்ல. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் அரசாங்க உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்றார்கள், பதிவேடு நிரம்பியது. 1795 இல் ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அந்தப் பெயர்களில் பெரும்பங்கு கரைந்துபோனது. நிலைத்தது வேறு: அவர்கள் காலத்தில் போதகராக இருந்த பிலிப்பு தெ மெல்லோ என்ற தமிழர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759 இல் கொழும்பில் அச்சேறியது.

இதைவிட நொந்த காரியம் ஒன்று. எங்கள் சபைத் தாய் ஒருவர், போர் முடிவில் மகனை இராணுவத்திடம் கையால் ஒப்படைத்தவர். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவரும் போய் இருக்கிறார். வெளியிலிருந்து வந்த ஒரு ஊழியர் அவர் தலையில் கைவைத்து, "உங்களுக்குப் பூரண விசுவாசம் இருந்திருந்தால் பிள்ளை வந்திருப்பான்" என்றார். எட்டு வருடம் அழுத தாய்க்கு இதுவா சுவிசேஷம்? அவர் பிறகு ஒரு மாதம் ஆராதனைக்கு வரவில்லை. நானும் மூப்பரின் மனைவியும் போய் அவர் அடுப்படியில் இருந்து, போதகர் படிப்பித்த வினாவிடையின் முதல் கேள்வியைத்தான் திரும்பச் சொன்னோம்.

அது 1563 இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் எழுதப்பட்ட, விசுவாசத்தைக் கேள்வி பதிலாகப் படிப்பிக்கும் வினாவிடை. உயிரோடிருக்கையிலும் சாகையிலும் உன் ஒரே ஆறுதல் என்ன என்று தொடங்கும். நான் எனக்குச் சொந்தமல்ல, உடலும் ஆத்துமாவும் என் இரட்சகர் இயேசு கிறிஸ்துவுக்கே சொந்தம் என்பது பதில்; பிதாவின் சித்தமில்லாமல் தலையிலிருந்து ஒரு மயிரும் விழாது என்று அது நீளும். போதகர் இதைத் தமிழில் ஒரு சீ.ஆர். கொப்பியில் தன் கையால் எழுதி வைத்திருந்தார். பங்கருக்குள் பிள்ளைகளிடம் இதைத்தான் கேட்பார். நடுங்கிக்கொண்டே பதில் சொன்ன பிள்ளைகளில் இரண்டு பேர் இன்று இல்லை.

2009 ஏப்ரல் 20 ஆம் திகதி மாத்தளனிலிருந்து கடனீரேரியைக் கடந்தபோது பதிவேட்டையும் கொப்பியையும் உரப்பையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். கழுத்தளவு தண்ணீரில் ஒருமுறை சறுக்கிவிட்டேன். பதிவேடு தப்பியது, கொப்பியின் பின்பாதி ஊறிக் கூழாகிவிட்டது. 129 கேள்வியில் 85 உடன் எங்கள் பிரதி நிற்கிறது. 86 இலிருந்துதான் நன்றியுணர்வைப் பற்றிய மூன்றாம் பகுதி தொடங்குகிறது, பத்துக் கட்டளையும் கர்த்தருடைய ஜெபமும் அதற்குள்தான். பதினாறு வருடமாக என் வகுப்பு 85 இல் நின்று திரும்ப ஒன்றுக்குப் போகிறது.

ஆகவே இரண்டு காரியம் கேட்கிறேன். அந்த வரி தவறு என்று அடுத்த இதழில், அதே பக்கத்தில், ஒரு வரி போடுங்கள். உங்கள் அலுவலக நூலகத்திலோ வாசகர் யாரிடமோ இந்த வினாவிடையின் தமிழ்ப் பிரதி இருந்தால், 86 முதல் 129 வரை போட்டோக்கொப்பி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. கொப்பிக் காசும் தபால் செலவும் நான் அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஞாயிறு பாடசாலை ஆசிரியை ஒருவர்,
தர்மபுரம், கிளிநொச்சி.