தபால் பெட்டியில் என் பெயரை ஒட்டியவருக்கும், உடனிருந்த அனைவருக்கும்

அன்புடையீர்,

நேற்று மாலை புதிய அறையின் சாவியும், நான் அங்கே குடியிருப்பதை உறுதிசெய்து வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட தாளும் என் கைக்கு வந்தன. முன்பிருந்த அறையை விட்டு வெளியேறி, நிலையான முகவரி இல்லாமல் நான் அலைந்த கடந்த வாரங்களில் நடந்தது என்ன என்பது இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும்; பலர் என்னோடு சேர்ந்தே அதைச் சுமந்தீர்கள். ஆகவே அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. மனம் இன்னும் முழுமையாக அடங்கவில்லை என்றாலும், அடங்கட்டும் என்று காத்திருந்தால் சொல்ல வேண்டியதில் பாதி நழுவிவிடும் என்று அஞ்சி இன்றே எழுதுகிறேன்.

முதல் நன்றி, பெர்லினில் நான் முன்பிருந்த வெடிங் பகுதிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் வசிக்கும் பாட்டிக்கு. அவரைப் பற்றி உங்களில் யாருக்கும் நான் சொன்னதில்லை. சொல்லும்படியான பழக்கம் எங்களுக்குள் இருந்ததுமில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையில் யாராவது கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் போட்டுச் சத்தம் எழுப்பினால் சன்னலைத் திறந்து கண்டிப்பவர் என்பதால், எங்கள் தளத்து மாணவர்கள் அவரிடமிருந்து சற்று விலகியே நடப்பார்கள். நான் பெட்டிகளை முற்றத்தில் இறக்கி வைத்துக்கொண்டிருந்த அன்று அவர் கதவைத் திறந்து வந்து நின்றார். அந்த நாள்களில் என்னைச் சந்தித்த எல்லோரும், அன்பினால்தான், இரவில் எங்கே படுப்பாய் என்று கேட்டார்கள். அவர் மட்டும் வேறொன்று கேட்டார்: "உங்கள் கடிதங்கள் இனி எங்கே வரும்?"

இந்தக் கேள்வியின் எடை பெர்லினில் வாழ்ந்தவர்களுக்கு உடனே விளங்கும். மற்றவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். இங்கே வீட்டு முகவரியில் கதவு எண் எழுதும் வழக்கம் இல்லை. தெருவும் கட்டட எண்ணும் மட்டுமே எழுதுவார்கள். முன்கட்டு, முற்றம், பின்கட்டு என்று அடுக்கடுக்காகக் குடும்பங்கள் வாழும் பழைய கட்டடங்களில் யாருக்கு உரிய கடிதம் எந்தப் பெட்டிக்குள் விழ வேண்டும் என்பதைப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்தான் தீர்மானிக்கிறது. பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். காப்பீட்டு அட்டை, வங்கி அட்டை, அதன் ரகசிய எண்ணைத் தாங்கித் தனியாக வரும் இன்னோர் உறை, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு வரும் கடிதம், எல்லாவற்றுக்கும் மேலாக அலுவலகங்களிலிருந்து வரும் மஞ்சள் உறை என்று ஒரு மாணவரின் வாழ்க்கை இங்கே இன்னமும் தாளின் வழியாகத்தான் நடக்கிறது. மஞ்சள் உறையைப் பெட்டியில் போடும் தபால்காரர் அதன் மேல் தேதியைக் குறித்துவிட்டுப் போவார். நீங்கள் அதைப் பிரித்தீர்களோ இல்லையோ, பதில் தருவதற்கான கெடு அந்தத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும்.

எங்கள் ஊரில் முகவரி அரைகுறையாக இருந்தாலும் கடிதம் வந்து சேரும். எந்தத் தெருவில் யாருடைய மகள் எங்கே படிக்கிறாள் என்பது தபால்காரருக்குத் தெரியும். ஏறத்தாழ 38 லட்சம் பேர் வாழும் இந்த நகரத்திலோ, பெட்டியிலிருந்து பெயரை உரித்தெடுத்த அன்றே நான் யாரும் கண்டுபிடிக்க முடியாத ஆளாகியிருந்தேன். பாட்டி அதை எனக்கு முன்பே கண்டுகொண்டார்.

அவர் செய்த உதவி சிறியது, ஆனால் செய்த விதம் முழுமையானது. கட்டடத்தை நிர்வகிப்பவர்களைத் தொலைபேசியில் அழைத்து, தன் பெட்டியில் இன்னொரு பெயரை ஒட்ட அனுமதி வாங்கினார். என் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கி, அதில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருந்ததை ஓர் எழுத்தும் குறையாமல் கட்டை எழுத்துகளில் எழுதி, ஈரம் படாதபடி மேலே ஒளிபுகும் நாடாவையும் ஒட்டினார். நம்மில் பலருக்கும் போல எனக்கும் அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். வகுப்பில் நீளம் கருதிச் சுருக்கிக் கூப்பிடப்பட்ட அந்தப் பெயரை, விருதுநகர் மாவட்டத்தைத் தாண்டி அதிகம் போகாத ஒரு விவசாயியின் பெயரை, எண்பது வயதைக் கடந்த ஜெர்மானிய மூதாட்டி நடுங்கும் கையால் தன் பெயருக்குக் கீழே எழுதியதை நின்று பார்த்தேன். அதன் பிறகு, எந்தெந்த அலுவலகத்துக்குப் புதிய விவரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் தன் பெயரைக் கேர் ஆஃப் என்று சேர்த்து எழுதச் சொல்லி, எழுதி முடிக்கும்வரை அருகிலேயே உட்கார்ந்திருந்தார். விதிகளில் கண்டிப்பான ஒருவர் அந்தக் கண்டிப்பை முழுவதுமாக என் பக்கம் திருப்பினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறந்து பார்த்து, வந்ததையும் வராததையும் எனக்குத் தெரிவித்தார். மஞ்சள் உறை வந்த அன்று, நான் நூலகத்தில் இருந்தபோது அழைத்து, உறையின் மேலிருந்த தேதியை இரண்டு முறை வாசித்தார். அந்தக் கடிதம் கைக்கு வராமல் போயிருந்தால், விசாவுக்காக முடக்கக் கணக்கில் (படிக்கும் காலச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட, மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்படி பூட்டி வைக்கப்படும் வங்கிக் கணக்கில்) கட்டுவதற்கு அப்பா கடன் வாங்கிச் சேர்த்த 11,904 யூரோவுக்கும், இதுவரை படித்த பருவங்களுக்கும் என்ன பொருள் இருந்திருக்கும் என்று இப்போதும் என்னால் நிதானமாக எண்ணிப் பார்க்க முடியவில்லை.

ஏன் இவ்வளவு செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். போர்க்காலத்தில் அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவர்கள் குடியிருந்த வீடு குண்டுவீச்சில் இடிந்துபோனதாம். அவருடைய தாய், எஞ்சி நின்ற சுவரில், நாங்கள் உயிரோடு இருக்கிறோம், இன்ன தெருவில் இன்னாருடைய வீட்டில் இருக்கிறோம் என்று சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டு நடந்தாராம். அந்த வரியை வாசித்துத்தான் போரிலிருந்து திரும்பிய தந்தை அவர்களைத் தேடி வந்து சேர்ந்தார் என்று சொல்லிவிட்டு, தேநீரை ஊற்றப் போய்விட்டார். பாட்டிக்குத் தமிழ் தெரியாது. இந்த மடலை அவருடைய சமையலறையில் உட்கார்ந்து வரிவரியாக ஜெர்மன் மொழியில் சொல்லப் போகிறேன்.

மற்றவர்களுக்கும் என் கடன் குறைந்ததல்ல. தேர்வு நெருங்கிய வாரத்திலும் தங்கள் அறையில் எனக்குப் பாய்விரித்த தோழிகளுக்கும், கட்டுரையைச் சமர்ப்பிக்க அவகாசம் தந்த பேராசிரியருக்கும், பதில் கடிதத்தை வாக்கியம் வாக்கியமாகத் திருத்தித் தந்த மாணவர் பணியகத்தின் இலவச ஆலோசகருக்கும், ஊரில் அம்மாவிடம் எதையும் சொல்லாமல் காத்த அண்ணனுக்கும் நன்றி. பெர்லினின் பிரிட்ஸ் பகுதியிலுள்ள மயூரபதி முருகன் கோவிலில் எனக்குச் சோறு போட்டு, ஆறுதலும் சொல்லி அனுப்பிய ஈழத்து அக்காமாருக்கும் அண்ணைமாருக்கும் தனியாக ஒரு சொல். 1980களில் கிழக்கு பெர்லினை ஒட்டிய ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, எல்லையைக் கடந்து மேற்கு பெர்லினுக்குள் வந்தவர் உங்களில் ஒருவர். எத்தனையோ காலம் பிறருடைய முகவரியில்தான் தன் கடிதங்களும் வந்தன என்று அவர் சொன்னபோது, என் நிலையைப் பற்றிய கூச்சம் பெரிதும் விலகியது.

இனி, நான் எனக்கே விதித்துக்கொண்ட ஒரு கடமை. அக்டோபரில் குளிர்காலப் பருவத்துக்காகப் புதியவர்கள் வரத் தொடங்குவார்கள். வீடு கிடைப்பது இந்நகரத்தில் எவ்வளவு கடினம் என்பதால், அவர்களில் சிலராவது நிலையான முகவரியின்றி அலைவார்கள். குடியேறிய 14 நாள்களுக்குள் செய்ய வேண்டிய முகவரிப் பதிவை உண்மையில் வசிக்கும் வீட்டில் மட்டுமே செய்ய முடியும். அதில் என்னால் உதவ இயலாது, அதில் குறுக்குவழி தேடவும் வேண்டாம். ஆனால் கடிதங்கள் வந்து சேர ஓர் இடம் வேண்டுமென்றால், என் புதிய வீட்டுக்காரரிடம் நேற்றே பேசிச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். என் பெயருக்குக் கீழே உங்கள் பெயரை ஒட்டுவேன், ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறந்து பார்ப்பேன், மஞ்சள் உறை வந்தால் அந்த மணியிலேயே அழைப்பேன். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதி எனக்கு அனுப்புங்கள்.

நன்றியுடன்,
உங்கள் அனைவராலும் படிப்பைத் தொடரும் மாணவி
பெர்லின்