மாவுக்குள் வெந்த மீன்

லீட்ஸ், இங்கிலாந்து,
மார்ச் 12.

அன்புள்ள அந்தோணி,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. பேத்தியின் புதுநன்மை விழாப் படத்தை மகளும் பேரனும் பார்த்து மகிழ்ந்தார்கள். மதினிக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடியும் காலைப் பூசைக்கு நடந்தே போய் வருகிறார் என்று படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் வேறொன்று. நவம்பரில் உனக்கு எழுதியபோது, இந்த ஊர்க்காரர்கள் கொண்டாடும் மீனும் சிப்ஸும் உப்புச் சப்பற்ற சாப்பாடு என்றும், எண்ணெய் ஊறிய மாவைத் தவிர அதில் ஒன்றும் இல்லை என்றும் எழுதியிருந்தேன். நீயும் அதை நம்பி, மஞ்சளும் மிளகாயும் படாத மீனை யார் தின்பது என்று பதில் போட்டிருந்தாய். நான் எழுதியது தவறு. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து, கண்ணையும் செவுளையும் பார்த்தே மீன் எத்தனை நாழிகைக்கு முன் கரையேறியது என்று சொல்லக்கூடிய உன்னிடம் மீனைப் பற்றி ஒரு தவறான தீர்ப்பைச் சொல்லிவிட்டு, அதைத் திருத்தாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று நடந்தது இதுதான். நகரத்தில் ஒரு கடையில் பொட்டலம் வாங்கிக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருந்து, வீட்டுக்கு வந்து பிரிப்பதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. மூடிய அட்டைப் பெட்டிக்குள் மீனின் ஆவி வெளியேற வழியில்லாமல் மாவிலேயே படிந்து, அதை ஈரத் துணிபோல் ஆக்கியிருந்தது. அதைத் தின்றுவிட்டுத்தான் உனக்கு எழுதினேன். பக்கத்து வீட்டில் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் இருக்கிறார். இளவயதில் இந்த ஊர்க் கம்பளி ஆலையில் வேலை பார்த்தவர். என் மகள் மூலம் இதைக் கேள்விப்பட்டு, 'அது வீட்டுக்குக் கொண்டுவரும் சாப்பாடு இல்லை, கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்' என்று சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் என்னைத் தம்முடன் அழைத்துப் போனார். அன்றிலிருந்து பெரும்பாலும் எல்லா வெள்ளிக்கிழமையும் போகிறேன்.

தெருமுனையில் உள்ள சிறிய கடை அது. வாசலுக்கு நேரே எஃகினால் ஆன நீண்ட பொரிப்பு அடுப்பு. அதில் மூன்று ஆழமான தொட்டிகள். மேலே சூடு தங்கும் கண்ணாடி அலமாரி. உள்ளே நான்கு மேசைகள், ஒவ்வொன்றிலும் உப்புக் குப்பியும் வினிகர்ப் புட்டியும். கடைக்காரருடைய பெற்றோர் 1974இல் சைப்ரஸ் தீவு போரினால் பிளவுபட்டபோது இங்கே குடிபெயர்ந்தவர்கள். அவருக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். எலுமிச்சைத் துண்டு, இலை தழை என்று அலங்காரம் எதுவும் அவர் தட்டில் வைப்பதில்லை. மீனும் சிப்ஸும், கேட்டால் பட்டாணி, வெண்ணெய் தடவிய ரொட்டி இரண்டு துண்டு, ஒரு கூஜா தேநீர், அவ்வளவுதான். இங்கே சிப்ஸ் என்றால் நாம் பாக்கெட்டில் வாங்கும் மெல்லிய வறுவல் அல்ல. விரல் பருமனுக்கு நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு.

முதல் நாள் கூட்டம் குறைவாக இருந்ததால், அடுப்பருகே நின்று அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோலும் முள்ளும் நீக்கிய முழு மீன்பக்கத்தை முதலில் உலர்ந்த மைதாவில் புரட்டுகிறார். பிறகு மைதாவும் சோடா உப்பும் குளிர்ந்த தண்ணீரும் சேர்த்துக் கரைத்த மாவில் முக்கி எடுத்து, பாத்திரத்தின் விளிம்பில் ஒருபுறம் மட்டும் இழுத்து வழிக்கிறார். வால்பக்கத்தை இரண்டு விரல்களால் பிடித்தபடி, தலைப்பக்கம் தம்மிடமிருந்து விலகிப் போகுமாறு எண்ணெயில் மெல்ல இறக்குகிறார். ஆனால் உடனே விட்டுவிடுவதில்லை. மாவு இறுகும்வரை இரண்டு மூன்று விநாடிகள் முன்னும் பின்னும் அசைத்து, அது மிதக்கும் என்று கைக்குத் தெரிந்த பிறகே விரலை எடுக்கிறார். அப்படிச் செய்யாவிட்டால் மீன் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் ஏறத்தாழ 180 டிகிரியில் இருக்கிறது. போட்டவுடன் பெருமழைபோல் இரைகிறது. ஆறேழு நிமிடங்களில் அந்த இரைச்சல் மெல்ல அடங்கி, சன்னமான சலசலப்பாக மாறும்போது அவர் திரும்பிப் பார்க்காமலேயே அரிகரண்டியைக் கையில் எடுத்தார். மணி பார்க்கவில்லை, காதால் கேட்டுத்தான் எடுக்கிறார்.

தட்டு வந்ததும் முள்கரண்டியால் மீனை மூடியிருந்த மாவு ஓட்டினை உடைத்தேன். ஓடு சத்தத்துடன் விரிந்தது. உள்ளேயிருந்து ஆவி எழுந்தது. வெள்ளை வெளேரென்ற சதை, மல்லிகை இதழ்களை அடுக்கியதுபோல் மடல் மடலாகப் பிரிந்தது. அதில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. நாம் சீலாவையும் விளமீனையும் மசாலா தடவி நேரே கல்லில் போடுகிறோம். எண்ணெய் சதையைத் தொடுகிறது, மேற்புறம் முறுகுகிறது, அந்த முறுகலும் மசாலாவும்தான் நமக்கு ருசி. இங்கே எண்ணெய் மீனைத் தொடுவதே இல்லை. மாவு ஒரு மூடிய பாத்திரமாக இறுகிவிடுகிறது. மீனுக்குள் இருக்கும் நீரே ஆவியாகி அதை வேகவைக்கிறது. அந்த ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே நுழைய முடியாது. ஆகவே இதை இட்லிபோல் ஆவியில் வெந்த மீன் என்று நினைத்துக்கொள். வறுத்த மீனில் தேட வேண்டியதை இதில் தேடியதுதான் என் பிழை. இதில் தேட வேண்டியது மீனின் சொந்த இனிப்பு. அதற்கு உப்பும், பார்லி முளையிலிருந்து எடுக்கும் பழுப்பு வினிகரின் புளிப்பும் போதும். மிளகாய் அங்கே தேவைப்படவில்லை என்று நான் சொல்வதை நீ நம்ப வேண்டும். நான் காரம் தின்கிறவன் என்பது உனக்குத் தெரியும்.

பட்டாணியைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த பெரும்பட்டாணியைச் சோடா உப்புப் போட்டு இரவெல்லாம் ஊறவைத்து, மறுநாள் அது தானே கரைந்து குழையும்வரை வேகவைக்கிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்காது; ஆனால் சூடான மீனுடன் ஒரு வாய் சேர்த்துச் சாப்பிட்டால் நம் வீட்டுப் பருப்பு நினைவுக்கு வருகிறது. பொரிக்கும்போது எண்ணெயில் உதிர்ந்து மிதக்கும் மாவுப் பொரிகளையும், கேட்டவர்களுக்குக் காசில்லாமல் ஒரு கை அள்ளிப் போடுவது இந்த யார்க்‌ஷர் பகுதியின் வழக்கம். என் பேரனுக்கு மீனைவிட அதுதான் பிடிக்கும்.

ஒன்றை உன்னிடம் மறைக்க வேண்டாம். இந்தப் பகுதியில் பழைய கடைகள் பல இன்றைக்கும் மாட்டுக் கொழுப்பை உருக்கி அதில்தான் பொரிக்கின்றன. மொறுமொறுப்பும் மணமும் அதில்தான் வரும் என்பது அவர்கள் உறுதி. எங்கள் வீட்டில் அது ஆகாது என்பது உனக்குத் தெரியும். நவம்பரில் நான் வாங்கிய கடையில் இதைக் கேட்கத் தோன்றவில்லை. பிறகு தெரிந்தபோது சில நாட்கள் மனம் சங்கடப்பட்டது. எல்லாக் கடைகளும் எதில் பொரிக்கிறோம் என்பதை வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. பல கடைகள் எழுதியும் வைக்கின்றன. நான் இப்போது போகும் கடையில் தாவர எண்ணெய்தான்.

வெள்ளிக்கிழமை என்றதும் உனக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். ஆம், அதே காரணம்தான்: வெள்ளியன்று இறைச்சி விலக்கும் உங்கள் கிறிஸ்தவ நோன்பு. இந்தத் தவக்காலத்தில் கடைகளில் கூட்டம் கூடியிருக்கிறது. ஆண்டிலேயே அதிகம் விற்பது புனித வெள்ளியன்றுதான் என்று கடைக்காரர் சொல்கிறார். ஆனால் மீனை இப்படிப் பொரிக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தவர்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளை விட்டு வந்த யூதர்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் வெள்ளியன்றே மீனைப் பொரித்து வைத்து, சனியன்று ஆறியதைச் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த மீனும் வடக்கே ஆலை ஊர்களில் விற்ற உருளைக்கிழங்கும் ஒரே கடையில் சேர்ந்தது 1860களில். லண்டனில் ஜோசப் மாலின் என்ற யூதர்தான் முதல்வர் என்று ஒரு சாராரும், லங்காஷரில் ஜான் லீஸ் என்பவர்தான் என்று இன்னொரு சாராரும் இன்றும் வழக்காடுகிறார்கள். கரி எஞ்சின் பூட்டிய இழுவலைக் கப்பல்களும், ஐஸில் வைத்த மீனைக் கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களான கிரிம்ஸ்பியிலிருந்தும் ஹல்லிலிருந்தும் ஒரே இரவில் உள்நாட்டுக்குக் கொண்டுவந்த ரயிலும் இல்லாவிட்டால், கடலிலிருந்து தள்ளியிருக்கும் இந்த லீட்ஸில் ஓர் ஆலைத் தொழிலாளிக்கு மலிவாக மீன் கிடைத்திருக்காது. காலையிலிருந்து தறியருகே நின்ற பெண்கள் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்ட நேரமில்லாத நாட்களில் குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்தக் கடைகள்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அரசு இதைப் பங்கீட்டுக்குள் கொண்டுவரவில்லை. பக்கத்து வீட்டு அம்மையார் சிறுமியாக இருந்தபோது, அம்மா கொடுத்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பட்டாணி வாங்க வரிசையில் நின்றதை இன்றும் சொல்கிறார். இதே லீட்ஸைச் சேர்ந்த கைஸ்லியில் ஹாரி ராம்ஸ்டன் என்பவர் 1928இல் ஒரு மரக் குடிசையில் கடை தொடங்கி, மூன்றே ஆண்டுகளில் கம்பளம் விரித்து, சரவிளக்குத் தொங்கவிட்டு, தொழிலாளிகளை ஓட்டல் விருந்தினர்போல் உட்காரவைத்தார். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துவிட்டது.

இனி, உனக்கு மிகவும் வேண்டிய விஷயம்: மீன். தெற்கே காட் என்ற மீனைத்தான் விரும்புகிறார்கள். யார்க்‌ஷர்க்காரர்களுக்கு ஹேடாக்தான் வேண்டும். கடையில் தோலுரித்துத் தருவதால், முழு மீனைப் பார்க்கவே ஒருநாள் கர்கேட் சந்தையின் மீன்கடை வரிசைக்குப் போனேன். ஹேடாக்கின் தோளருகே, பக்கத்துத் துடுப்புக்கு மேலே, கட்டைவிரல் வைத்து அழுத்தியதுபோல் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. வரி கட்டுவதற்கான காசை மீன் வாயிலிருந்து எடுத்தபோது புனித இராயப்பரின் (பேதுருவின்) விரல் பட்ட அடையாளம் அது என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். அதைப் பார்த்தவுடன் உன்னை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கடையில் பொரிப்பது பெரும்பாலும் ஐஸ் மீன். உன் முகம் சுருங்குவது எனக்குத் தெரிகிறது. நானும் அப்படித்தான் தயங்கினேன். வடக்கே ஆழ்கடலில் பிடித்த சில மணி நேரத்துக்குள் கப்பலிலேயே வெட்டிச் சுத்தம் செய்து உறையவைத்துவிடுகிறார்கள். பல நாள் பயணம் செய்து கரையேறும் 'புது' மீனைவிட இது நல்லது என்கிறார் கடைக்காரர். சாப்பிட்ட பிறகு அதை மறுக்க என்னால் முடியவில்லை. அந்த மீனும் இன்று பெரும்பாலும் நார்வே, ஐஸ்லாந்துக் கடலிலிருந்து வருவது. ஐஸ்லாந்து தன் கடல் எல்லையைப் படிப்படியாக 200 மைல் வரை நீட்டியபோது பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பிப் பார்த்தது. கடைசியில் 1976 ஜூனில் விட்டுக்கொடுத்தது. ஹல் நகரத்து மீனவர்களின் பிழைப்பு அதோடு சரிந்தது. அதே 1976 மார்ச்சில்தான் நம் மன்னார் வளைகுடாவிலும் இந்தியாவும் இலங்கையும் எல்லைக் கோடு போட்டுக்கொண்டன. வரைபடத்தில் கோடு விழும்போது வலை போடுகிறவனை யார் கேட்கிறார்கள் என்று உன் அப்பா திண்ணையில் உட்கார்ந்து வருந்தியதை, இங்கே ஹல்காரர் ஒருவர் தம் அப்பாவைப் பற்றிப் பேசியபோது அப்படியே கேட்டேன்.

கடைக்காரருடைய நிலைமையும் எனக்குக் கவலையாக இருக்கிறது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் கிடைக்காமல் போயிற்று. ரஷ்யாவிலிருந்து வரும் காட், ஹேடாக் போன்ற வெள்ளை மீனுக்கு அரசு 35 விழுக்காடு கூடுதல் வரி போட்டது. மின்சார, எரிவாயுக் கட்டணம் ஏறியது. இப்போது எங்கள் கடையில் ஒரு தட்டு 11 பவுண்டு. கூலிக்காரர் வாரம் இரண்டு முறை தின்ற சாப்பாடு இன்று அவருக்கு யோசித்து வாங்கும் பொருளாகிவிட்டது. கடைக்காரர் முதியவர்களுக்கு மட்டும் நண்பகலில் சிறிய மீனாக, விலையைக் குறைத்துத் தருகிறார். அதில் தமக்கு மிச்சம் எதுவும் இல்லை என்றாலும், அந்த நாலு மேசைகள் காலியாக இருப்பதைப் பார்க்கத் தம்மால் முடியாது என்றார்.

எனக்காக ஒன்று செய். இந்த வெள்ளிக்கிழமை நல்ல விளமீன் கிடைத்தால், தோலும் முள்ளும் எடுத்து, ஈரத்தைத் துணியால் ஒற்றி, உப்பு மட்டும் தூவிவை. மைதாவில் கால் பங்கு அரிசி மாவும் ஒரு சிட்டிகை சோடா உப்பும் சேர்த்து, குளிர்ந்த தண்ணீரில் பஜ்ஜி மாவைவிடச் சற்றுத் தளர்வாகக் கரைத்துக்கொள், கரைத்ததும் காத்திருக்காதே. வாலைப் பிடித்துக்கொண்டு, மாவு இறுகிய பிறகு விடு. மதினி மிளகாய்த்தூள் சேர்க்கச் சொல்வார். முதல் துண்டுக்கு மட்டும் வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். அடுப்பிலிருந்து எடுத்து ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட்டு, எப்படி இருந்தது என்று எழுது.

அன்புடன்,
கதிரேசன்