உங்கள் மீனை எடுத்துக்கொண்டு போங்கள்

கடற்கரைக் கலைவிழாக் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் குப்பத்துக் கரையில் ஜனவரியில் நீங்கள் நட்டுவிட்டுப் போன மீனைப் பற்றித்தான் எழுதுகிறேன். மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "மேலே சொல்லியிருக்கிறோம் சார்" என்றார்கள்.

கம்பிவலையில் கூண்டு, உள்ளே முழுக்க பிளாஸ்டிக் பாட்டில். கடலில் நாம் கொட்டும் குப்பை மீனின் வயிற்றுக்குள் போவதைக் காட்ட வந்த மீன். கருத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பிள்ளைகள்தான் ஓடி ஓடிப் பாட்டில் பொறுக்கிக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே "கடலைக் காப்போம்" என்று பிளெக்ஸும் கட்டினீர்கள். பிளெக்ஸ் எதில் செய்வது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐப்பசியில் கடல் ஏறி வந்தது. வால் பக்கம் துருப்பிடித்திருந்த கம்பி விட்டுப்போச்சு. பாட்டிலெல்லாம் கடலுக்குள். போன வாரம் என் மாமா வலையை இழுத்தால், வலையின் மடியில் மீனைவிடப் பாட்டில்தான் அதிகம். ஒன்றிரண்டில் நீலப் பெயின்ட் இன்னும் போகவில்லை. என் தங்கை மகள் அடித்த பெயின்ட். கூடவே முழ நீளத்துக்குக் கம்பிவலைத் துண்டு ஒன்று. அது கிழித்ததைத் தைக்க மாமா இரண்டு நாள் கரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை உங்கள் அடுத்த சிற்பத்தில் காட்டலாம்.

தொடக்க விழாவில் உங்களில் ஒருவர் ஜோசப் பாய்ஸ் பற்றி அழகாகப் பேசினார். 1982இல் ஜெர்மனியின் காசெல் நகரில், அருங்காட்சியகத்துக்கு எதிரே பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் 7000 கற்களைக் கொட்டிய கலைஞர். ஊருக்குள் ஒரு மரம் நட்டால்தான் குவியலிலிருந்து ஒரு கல் நகரும். மரத்துக்குப் பக்கத்திலேயே அதை நட வேண்டும். வேலை முடிகிறவரை குவியல் ஊரின் கண்ணை உறுத்திக்கொண்டே கிடக்கும். 1986இல் அவர் இறந்துவிட்டார். அடுத்த வருடம் கடைசி மரத்தை அவர் மகன் நட்டார். கேட்டுக் கைதட்டினேன். அவர் செத்த பிறகும் வேலை நிற்கவில்லை. நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்கள், போனைத்தான் எடுப்பதில்லை.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்து சேர்ந்தபோது, மீனவர்கள் பக்கெட்டும் மக்கும் வைத்து வெறுங்கையால் அள்ளினார்கள். உடம்பெல்லாம் கறுப்பு. அதைவிடப் பெரிய காட்சியை எந்தக் கலைஞர் வைத்துவிட முடியும்? அள்ளியவர்களை எந்தத் தொடக்க விழாவுக்கு, யார் கூப்பிட்டார்கள்? எங்கள் கரை போட்டோவுக்கு மட்டும் எல்லோருக்கும் வேண்டும்...

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். மிச்சமிருக்கும் தலையையும் கூண்டையும் அடுத்த மழைக்குள் தயவுசெய்து எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் அதில் ஏறி விளையாடுகிறார்கள். வண்டி மட்டும் அனுப்புங்கள், ஏற்றிவிட ஆள் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
மீனுக்கு எதிர்வீட்டுக்காரன்