ஈரலழற்சி ‘பி’யும் நிர்ப்பீடனக் கலங்களும்

ஆசிரியர் அவர்கட்கு,

நாட்பட்ட ஈரலழற்சி ‘பி’ பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை, நோயாளர் தமது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரையோடு முடிந்திருந்தது. அந்த ஒரு வரி இங்கு பல வீடுகளில் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவதால் இதனை எழுதுகிறேன். இரத்ததான முகாமொன்றின் பின்னர் தனக்கு இத்தொற்று இருப்பதை அறிந்த அயலவர் ஒருவரின் அலுமாரியில், கீழ்க்காய்நெல்லித் தூளுக்கருகே, ‘எதிர்ப்புச் சக்தி’ என்று அச்சிட்ட விலைகூடிய மாப்பேணிகளைக் கண்டேன். கிளினிக்கில் கொடுத்த மாத்திரை அட்டையோ பாதியில் நின்றிருந்தது.

இவ்வைரசு தானாக ஈரற்கலங்களைக் கொல்வதில்லை. அதை அழிக்க வரும் நிர்ப்பீடனக் கலங்களான, அதாவது நோயெதிர்ப்புக் கலங்களான, ‘ரி’ நிணநீர்க் கலங்களின் தாக்குதலே பெரும்பாலும் ஈரலைப் புண்ணாக்குகிறது. வளர்ந்தவர்களில் அத்தாக்குதல் கூர்மையாக நடப்பதால் 95 வீதமானோர் மீண்டுவிடுகிறார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றும் குழந்தைகளில் ஏறத்தாழ 90 வீதமானோருக்கு அது நிலைத்துவிடுகிறது. ஆண்டுக்கணக்காக வைரசுப் புரதங்களை எதிர்கொள்ளும் ‘ரி’ கலங்கள் களைத்து, தம் செயலைத் தாமே அடக்கவைக்கும் ‘பிடி-1’ என்னும் மேற்பரப்புப் புரதத்தை மிகுதியாக ஏந்தி, வைரசை எதிர்க்கும் புரதமான இன்டர்பெரோன் காமாவைச் சுரக்கும் வல்லமையை இழக்கின்றன. ஈரற்கலத்தைக் கொல்லாமலே வைரசை அடக்கும் ஆற்றல் அச்சுரப்புக்கு உண்டு என்பதே எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. களைத்த கலங்களை எழுப்பும் மருந்துகளும், வைரசை இனங்காணுமாறு மாற்றியமைத்த ‘ரி’ கலங்களும் இன்று ஆய்வில் உள்ளன. நிர்ப்பீடனம் பெற்ற ஒருவரின் என்புமச்சையை ஏற்ற நோயாளர் சிலரின் குருதியிலிருந்து வைரசின் மேற்பரப்புப் புரதம் மறைந்ததும் பதிவாகியுள்ளது.

ஆயினும் எக்கலத்தை எவ்வளவுக்கு எழுப்புவது என்பதிலேயே சிக்கல் முழுவதும் உள்ளது. அளவு மீறினால் ஈரலே பழுதாகும். பேணிமாவால் ஆகக்கூடிய காரியமன்று இது. ரெனோபோவிர் போன்ற மாத்திரைகள் வைரசை அடக்குகின்றனவேயன்றி, ஈரற்கலத்தின் கருவுக்குள் தங்கியிருக்கும் அதன் டிஎன்ஏயை அகற்றுவதில்லை என்பதால், அவற்றை எண்ணப்படி நிறுத்துவது ஆபத்தானது.

இன்னொன்றும் உண்டு. சில குருதிப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் ரிற்றுக்சிமாப், நிணநீர்க் கலங்களில் இன்னொரு வகையை அழிப்பதால், முன்னரே குணமானவரெனக் கருதப்பட்டவரிலும் இவ்வைரசு மீண்டெழலாம்; அதுவரை அதை அடக்கி வைத்திருந்தவற்றுள் அக்கலங்களும் அடங்கும். ஆகவே, தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனையிலோ வேறெங்கிலுமோ புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்குவோர், தமக்கு முன்பு செங்கண்மாரி வந்திருந்தாலோ வீட்டில் எவருக்கேனும் இத்தொற்று இருந்தாலோ மருத்துவரிடம் முதலிலேயே கூறிக் குருதியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தங்கள் மருத்துவப் பக்கத்தில் விரிவாக வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இளைப்பாறிய உயிரியல் ஆசிரியை,
கோப்பாய்.